காளியம்மன் கோயில் வாசலில் எக்ஸிட் சார்

எங்கள் எக்ஸிட் சார் சொர்க்கத்துக்கே போனாலும் நேரே உள்ளே நுழைந்துவிட மாட்டார். வாசலில் நின்று, "ஏனுங்க, உள்ளார தீப்புடிச்சா எந்தப் பக்கமுங்க வெளிய வர்றது?" என்று காவலுக்கு நிற்கிறவரை மடக்குவார். 'சொர்க்கத்தில் தீப்பிடிக்காது ஐயா' என்று அவர் சொன்னாலும் விடமாட்டார். "எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, ரம்பையும் ஊர்வசியும் ஆடுகிற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், மூலையில் தொங்குகிற வாளியில் மணல் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவார்.

கோயம்புத்தூரில் நாங்கள் வேலை பார்த்த பம்ப் கம்பெனியில் அவர் சேஃப்டி ஆபீசர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் வெளியே போகிற வழியைத் தேடியதால் எங்களுக்கு அவர் எக்ஸிட் சார். அவர் மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில், வரவேற்புரை சொல்லப்போகிறார் என்று நம்பி யாரோ அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

"மண்டபத்துக்கு மூணு வழி இருக்குதுங்க. பந்திப் பக்கம் இருக்கற வழியில சேர் போட்டு அடைச்சுப் போடாதீங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா எல்லாரும் எதுத்தாப்பல இருக்கற வேப்பமரத்தடிக்கு வந்து நின்னுக்கோணும். மாப்பிள்ளையும் பொண்ணும் மொதல்ல வந்துருங்க!"

நாதஸ்வரக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக வாயில் வைத்ததை எடுக்கவும் முடியாமல் ஊதவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை அந்த வேப்பமரத்தை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அவர் என்ன யோசித்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரோடு நான் சிங்கப்பூர் போனேன். அங்கே ஒரு கம்பெனி எங்கள் பம்புகளை வாங்கியிருந்தது. அவற்றைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, அவர்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர நாலு பேர் கொண்ட குழு. பிரித்து மாட்ட முருகேசன், டிசைன் விவரம் சொல்லக் கவிதா, பாதுகாப்புக்கு எக்ஸிட் சார். நான் மார்க்கெட்டிங். தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை அது. எக்ஸிட் சாருக்கு ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. அதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம்.

நானோ சிங்கப்பூர் நிபுணன். முன்பு ஒரு முறை வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் அந்த ஊர் விமானநிலையத்தில் விமானம் மாறியிருக்கிறேன். மாறும்வரை ஒரு நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கியும் இருக்கிறேன். அந்தத் தூக்கத்தின் பலத்தில், "சிங்கப்பூர் எனக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. சுத்திக் காட்டறது என் பொறுப்பு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

விமானத்தில் பணிப்பெண் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் போனைத் தடவிக்கொண்டிருந்தோம். எக்ஸிட் சார் மட்டும் முதல் பெஞ்சு மாணவன் மாதிரி முன்னால் சாய்ந்து பார்த்தார். முடிந்ததும் கைதட்டினார். பிறகு கையை உயர்த்தி, "அந்த விசிலை ஊதிப் பாத்து எத்தன நாளாச்சுங்க?" என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்தபடி அவருக்கு மட்டும் ஒரு ஜூஸ் கூடுதலாகக் கொடுத்தாள். நான் அவரைத் தெரியாதவன்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே கம்பெனி பெயர் போட்ட சட்டை அணிந்திருந்தோம் என்பது அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஜூஸைக் குடித்துக்கொண்டே அவர் மனசைத் திறந்தார்.

"தம்பி, எனக்கு ஊரெல்லாம் பாக்கோணும்னு இல்லீங்க. மரினா பேயில தண்ணிய அந்தரத்துல தெரையாட்ட நிறுத்தி, அதுல படம் காட்டறாங்களாமா. முப்பது வருசத்துக்கு மேல பம்புகூடவே குப்ப கொட்டியிருக்கறேன். தண்ணி மேல வரும், கீழ போகும். நின்னு பாத்ததில்ல. அதை மட்டும் ஒருக்கா பாத்துப்போடோணும்."

"கவலைய விடுங்க சார். நான் இருக்கேன்" என்றேன். அவருடைய துரதிர்ஷ்டம் அந்த நிமிடத்தில்தான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் ஓட்டல். குளித்து லுங்கிக்கு மாறிக் கட்டிலில் சாய்ந்தேன். கதவு தட்டப்பட்டது. வெளியே எக்ஸிட் சார், பின்னால் முருகேசனும் கவிதாவும்.

"வாங்க தம்பி, அவசர வழிய ஒருக்கா நடந்து பாத்துருவோம்."

"சார், லுங்கியில இருக்கேன்."

"தீ வந்தா, பேன்ட் மாத்தற வரைக்கும் நிக்குமுங்களா?"

லுங்கியோடே அவர் பின்னால் அவசரப் படிக்கட்டுக்குப் போனேன். இறங்கினோம், இறங்கினோம், இறங்கிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒரு இரும்புக் கதவைத் தள்ளி ஒரு சந்தில் போய் நின்றோம். பக்கத்தில் ஏதோ சாப்பாட்டுக் கடையின் சமையலறை, குப்பைத் தொட்டிகள், சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பரோட்டா மாஸ்டர். எங்கள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க முடியாது.

"அருமையான கதவுங்க" என்று எக்ஸிட் சார் அதைத் தட்டிப் பாராட்டினார்.

கருப்புக் கண்ணாடி மாட்டி, புது ஷூ போட்டு சிராங்கூன் ரோட்டில் நடந்து வருவதாக நான் ஊரிலிருந்தே கனவு கண்டிருந்தேன். முதல் பிரவேசம் லுங்கியில் நடந்தது. நகைக்கடை, பூக்கடை, மளிகைக் கடை எல்லாவற்றையும் தாண்டி, லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓட்டல் முன்வாசலுக்குச் சுற்றி வந்தேன். ஒரு ஆள்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அதுவும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வேலை சனிக்கிழமை மத்தியானம் முடிந்தது. திங்கள் விடியற்காலை விமானம். ஆகவே சனிக்கிழமை சாயங்காலமே தண்ணீர்க் காட்சி என்று நான் அறிவித்தேன். ஓட்டல் பக்கத்திலிருந்தே ஒரே ரயில் நேராக மரினா பே பக்கம் போகும் என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லப் பார்த்தாள். "எனக்குத் தெரியும்மா" என்று அவளைக் கையமர்த்திவிட்டு, ஊதா நிறத் தடத்தில் எல்லோரையும் ஏற்றினேன். அது தப்பான தடம். அந்தத் தடத்திலும் எதிர்த்திசை.

கூட்டத்தில் நின்றபடியே போய்க்கொண்டிருந்தோம். வழியில் கவிதா இரண்டு தடவை, "சார், மேப்ல நாம வேற பக்கம் போற மாதிரி இருக்குதுங்க" என்றாள். "மேப் அப்படித்தான் காட்டும்" என்று தைரியம் சொன்னேன். கடைசியில் பொங்கோல் என்ற நிலையத்தில் இறங்கினோம். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், பால்கனியில் காயும் துணிகள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள்.

"சார், மரினா பேன்னா ஓட்டல் மேல கப்பல் மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கும்னீங்க?" என்று முருகேசன் கேட்டான்.

"அதெல்லாம் டூரிஸ்ட்டுக்குய்யா. இதுதான் உண்மையான சிங்கப்பூர். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இது?" என்றேன்.

காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் தமிழைக் கேட்டு நின்றார். "எங்க போகணும் நீங்க?"

"தண்ணியில படம் காட்டற எடத்துக்குங்க" என்றார் எக்ஸிட் சார்.

"மரினா பேயா? ஐயோ, அது அந்தக் கோடி லா! யாரு உங்களை இந்த ட்ரெயின் எடுக்கச் சொன்னது?" என்றார், அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்கிற 'லா'வோடு.

மூன்று பேரும் பால்கனித் துணிகளைப் பார்த்தார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. எக்ஸிட் சார் மட்டும், "பரவால்லீங்க, இந்த வீடுகள்ல படிக்கட்டு எத்தன அகலமா வச்சிருக்கறாங்க பாத்தீங்களா" என்று ரசித்துக்கொண்டு வந்தார். லிட்டில் இந்தியா திரும்பியபோது அன்றைய காட்சி முடிந்துவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவைப் பார்த்திருக்கிறீர்களா? வாரம் முழுக்கக் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கிற நம் ஊர்ப் பையன்கள் ஒட்டுமொத்தமாக அங்கே இருப்பார்கள். ஊருக்குப் போன் பேசுவார்கள், பிரியாணி சாப்பிடுவார்கள், பழைய சிநேகிதனைக் கண்டு கட்டிப்பிடிப்பார்கள். நடக்கவே வேண்டாம், கூட்டமே நம்மைக் கொண்டுபோய் எங்காவது சேர்த்துவிடும். அந்தக் கூட்டத்துக்குள் இறங்குவதற்கு முன்னால், காளியம்மன் கோயில் வாசலில் எக்ஸிட் சார் டூல் பாக்ஸ் மீட்டிங் போட்டார். கம்பெனியில் ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, இன்றைக்கு எதில் கை மாட்டும், எதில் கால் வழுக்கும் என்று சொல்வார்களே, அதுதான். ஊர் சுற்றுவதற்கும் அதைப் போட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கையில் கருப்புக் குடை. மேலே, ராத்திரியில் பளிச்சென்று மின்னுகிற பச்சை ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். எங்களுக்கும் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார். முருகேசனும் கவிதாவும் மரியாதைக்கு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். நான் வாங்கவே இல்லை. அவர் நீட்டிய பவர் பேங்க்கையும் வாங்கவில்லை. சட்டைப் பை தொங்கி போட்டோ கெட்டுவிடும் என்பது என் கவலை.

"கூட்டத்துல யாராச்சும் தவறிட்டா, யாரும் யாரையும் தேடப்படாது. தேடப் போனா ரெண்டு பேரு தொலைவாங்க. நேரா அசெம்பிளி பாயிண்டுக்கு வந்து நின்னுக்கோணும். நம்ம பாயிண்டு..."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கோபுரத்தைப் பின்னணியில் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சரியில்லை. கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து மறுபடி எடுத்தேன்.

"தம்பி, பாயிண்டு எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

"கோயில்தானே சார். எனக்கே சிங்கப்பூரைச் சொல்லித் தர்றீங்களா?"

அதற்குப் பிறகு நான் ஒரு பூக்கடையை வீடியோ எடுத்தேன், ஒரு ஜோசியக் கிளியை எடுத்தேன், கிளி என்னைப் பார்க்கவில்லை என்பதால் இன்னொரு தடவை எடுத்தேன். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. நிமிர்ந்தால் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, மூன்று பேரும் மாயம்.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நான் நிபுணன். கோயில் என்று சொன்னார். சிங்கப்பூரில் கோயில் என்றால் எது? ஊரிலேயே பழைய கோயில், சைனாடவுன் மாரியம்மன் கோயில். விமானத்தில் கிடந்த புத்தகத்தில் படித்திருந்தேன். ரயிலேறினேன். அதே ஊதாத் தடம், ஆனால் இந்தத் தடவை திசையை இரண்டு முறை சரிபார்த்து ஏறினேன். அந்த ஊரில் நான் சரியான திசையில் ஏறியது அதுதான் முதல் தடவை. இறங்கியதுதான் தப்பான இடம்.

கோபுரத்தடியில் போய் நின்றேன். ஒருவரையும் காணோம். எனக்குக் கோபம் வந்தது. பாயிண்ட், பாயிண்ட் என்று உயிரை வாங்கிவிட்டு, கடைசியில் சொன்ன இடத்துக்கு வந்து நிற்கிறவன் நான் ஒருவன்தானா? மூன்று பேரும் வந்ததும் என்ன வார்த்தையில் திட்டுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நன்றாக அமைந்தது. மழை பிடித்தது. ஒத்திகையில் கொஞ்சம் கொஞ்சமாக வசனம் மறந்து, தண்ணீர்க் காட்சி ஞாபகம் வந்தது. அன்றைக்கு விட்டால் அவருக்கு அது கிடையாது.

குடையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து ஒதுங்கினாள். கல்லூரியில் படிக்கிற வயது.

"அங்கிள், யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா? ரொம்ப நேரமா நிக்கிறீங்க."

"எங்க ஆபீஸ்ல இருந்து நாலு பேர் வந்தோம்மா. மூணு பேர் தொலைஞ்சு போயிட்டாங்க."

"ஐயோ! மூணு பேரும் தனித்தனியாவா?"

"இல்ல, மூணு பேரும் சேர்ந்துதான் இருப்பாங்க."

அவள் தன் குடையை என் பக்கம் சாய்த்தாள். "அங்கிள், அப்ப தொலைஞ்சது நீங்க லா."

என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. அவளே தன் போனையும் நீட்டினாள். அப்போதுதான் தெரிந்தது, எக்ஸிட் சார் நம்பர் எனக்குத் தெரியாது, முருகேசன் நம்பர் தெரியாது, ஓட்டல் நம்பரும் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது என் மனைவியின் நம்பர் ஒன்றுதான். அதுவும் கேஸ் சிலிண்டர் புக் பண்ணிப் பண்ணிப் பழகியதால்.

"நான்தான் பேசறேன். பதறாத. இங்க ஒரு சின்ன..."

"காணாமப் போயிட்டீங்க, அதானுங்களே?" என்றாள் என் மனைவி கோயம்புத்தூரிலிருந்து. பின்னால் குக்கர் விசில் கேட்டது. "உங்க சேஃப்டி சார் அப்பவே போன் பண்ணிட்டாருங்க. ஊருக்குக் கிளம்பும்போதே என் நம்பர வாங்கிட்டுப் போனாரு. 'பயப்படாதீங்கம்மா, தம்பிக்கு உங்க நம்பர் மட்டுந்தான் மனப்பாடமா இருக்கும், உங்களுக்குத்தான் போன் பண்ணுவாரு'ன்னாரு. எங்க நிக்கறீங்க?"

"கோயில்லதான். மாரியம்மன் கோயில்."

"காளியம்மன் கோயிலுங்க! லிட்டில் இந்தியா காளியம்மன் கோயில் வாசல்! இங்க அடுப்படியில நிக்கற எனக்கே தெரியுது. அங்க இருக்கற உங்களுக்குத் தெரியலையா? அந்தக் கோபுரத்தோடதான் சாயங்காலம் எனக்கு போட்டோ அனுப்புனீங்க!"

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கும். நல்ல பிள்ளை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு அங்கயே நிக்கறாருங்க. மத்தவங்கள எங்கயோ அனுப்பிட்டு, அவரு மட்டும் நகர மாட்டேன்னு நிக்கறாரு. சீக்கிரம் போய்ச் சேருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரயிலில் லிட்டில் இந்தியா திரும்பி, நிலையப் படியேறி, கூட்டத்தில் முட்டி மோதி நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நூறு குடைகளுக்கு நடுவே, போட்டால் வெளியே தலை காட்டக் கூச்சமாக இருக்கும் என்று நான் மனசுக்குள் கேலி செய்த அந்தப் பச்சை ஜாக்கெட் தூரத்திலேயே மின்னியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை நோக்கி ஓடினேன். அழவில்லை. மழைத்தண்ணீர் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. முதலில் என் கால்களைப் பார்த்தார். "எங்கயும் வழுக்கி விழுந்துடலீங்களே?"

"இல்ல சார். கோயில் மாறி..."

"தெரியுமுங்க, வீட்டம்மா சொன்னாங்க. பாயிண்டுதான மாறிப்போச்சு? கண்டபடி ஓடாம ஒரே எடத்துல நின்னீங்க பாருங்க, அதுவே நம்ம ட்ரெயினிங்குதான்."

"சார், தண்ணி ஷோ? கடைசி ஷோ எத்தனை மணிக்கு? இப்ப ஓடினா..."

"ஆரம்பிச்சிருச்சுங்க." சிரித்தபடி போனை நீட்டினார். முருகேசனையும் கவிதாவையும் வற்புறுத்தி அவர்தான் மரினா பேக்கு அனுப்பியிருக்கிறார். பாயிண்டில் நிற்க ஓர் ஆள் போதும், எல்லோரும் எதற்கு நிற்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீடியோ காலில் முருகேசன் கையை உயர்த்திப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை அளவுத் திரைக்குள் தண்ணீர் எழுந்து, விரிந்து, நின்றது. அதில் நீலமும் சிவப்புமாக ஏதோ அசைந்தது. எங்கள் இரண்டு பேர் தலையும் ஒரே குடைக்குள் இடித்துக்கொண்டன.

"நிக்குது பாருங்க தம்பி! நிக்குது!" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். உடனே, "முருகேசா, காமிராவக் கீழ எறக்கு. மேல என்ன படம், அது கெடக்கட்டும். தண்ணி எங்கிருந்து வருதுன்னு காட்டு. பீச்சற நாசில் தெரியுதா?"

"கூட்டமா இருக்குதுங்க சார், தெரியல!"

"சரி விடு, முன்னால எட்டிப் பாக்காத, தண்ணியில விழுந்துடுவ. வெளிய போற வழி எந்தப் பக்கம்னு பாத்துட்டியா?"

பார்த்துவிட்டதாக முருகேசன் சொன்னான். இசை உயர்ந்து, தண்ணீர் ஒரு தடவை ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாக எழும்பி, பொலபொலவென்று விழுந்து, முடிந்தது. அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. இந்தப் பக்கம் கோயில் வாசலில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எக்ஸிட் சாரும் கைதட்டினார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார். ரெண்டு நாளும் நான்தான் கெடுத்தேன்" என்றேன். மார்க்கெட்டிங்கில் எங்களுக்குச் சொல்லித் தராத வாக்கியம் அது.

"அட நீங்க ஒண்ணு. நேர்ல போயிருந்தா நான் படியையும் கதவையும்தான் பாத்துட்டு நின்னிருப்பேன். இதுலதான் தண்ணியப் பாத்தேன்" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். அவர் ஓய்வு பெற்ற அன்று விருந்தில் எது என்று கேட்டேன், அவர் எழுந்து போய் மண்டபத்தின் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து வேறு பேச்சு பேசினார்.

அன்றைக்குக் கோயில் வாசலில் ஒரு வேலை பாக்கி இருந்தது. "கட் பண்ணாத முருகேசா, தலைய எண்ணிருவோம்" என்றார். விரலைத் திரைமேல் வைத்து முருகேசனை "ஒண்ணு" என்றார். அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்த கவிதாவை "ரெண்டு" என்றார். பிறகு நனைந்திருந்த என் தோளில் கையை வைத்து "மூணு" என்றார். தன் நெஞ்சைத் தொட்டு "நாலு" என்று முடித்தார். முடித்த பிறகும் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்கே போனாலும் முதல் ஆளாக நிற்க ஆசைப்படுகிறவன் நான். அன்றைக்கு மூன்றாவதாக எண்ணப்பட்டபோது பட்ட சந்தோஷம் வேறு எந்த இடத்திலும் எனக்கு வந்ததில்லை.